நரி முகத்தில் விழித்த நாள்

இன்று காலை கருவேலங்காட்டுப் பக்கம் போனவன் நரி முகத்தில் விழித்தேன். அதிர்ஷ்டம் என்னைத் தேடிப் பாண்டிச்சேரியில் பஸ் ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். ஊருக்கும் யோகம் அடிக்கட்டுமே என்று படத்தையும் இடத்தையும் வாட்ஸப் குழுவில் போட்டேன்.

மாலையில் போய்ப் பார்த்தால், பூவம் முதல் சுரக்குடி வரை உள்ள சகல ஜனங்களும் அங்கே. பைக்குகள், நாய்கள், ஒரு ஐஸ் வண்டி.

புதருக்கடியில் இருந்த வளைக்குள் குட்டிகள் முனகிக்கொண்டிருந்தன.

"தாய் எங்கடா?" என்று தங்கை மகனைக் கேட்டேன்.

"நாயிங்க வெரட்டி, ரோட்டைத் தாண்டி ஓடிடுச்சு மாமா. எல்லாரையும் நீங்கதான வரச் சொன்னீங்க."

கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டத்தைக் கலைத்தேன். இருட்டும்வரை தூரத்தில் நின்றேன். அது திரும்பவில்லை.

எந்தக் காடு என்று யாரும் கேட்காதீர்கள், மறந்துவிட்டேன். இதை மட்டும் சொல்லுங்கள்: நான் நரி முகத்தில் விழித்தேன், சரி. அந்த நரி இன்று யார் முகத்தில் விழித்தது?