பாஸ்கர் ஒப்புதல் தந்த சோதனை

படாளத்தில் பாஸ்கர் இறந்துவிட்டான் என்று அவன் தம்பி போனில் சொன்னபோது, நான் செங்கல்பட்டில் அலுவலக வேனில் ஏறிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. இறங்கி மதுராந்தகம் பஸ்ஸைப் பிடித்தேன். நான்கு நாளாயிற்று; இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நண்பர்களே, அவனோடு வேலை செய்த உங்களுக்கு, அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக நாம் செய்த மென்பொருள் தெரியும். ரத்த மாதிரிக் குழாயின் எண்ணை இயந்திரம் வெறும் பைட்டுகளாக அனுப்பும். பதிவேட்டில் அதே எண் எழுத்துச் சரமாக இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நிரலுக்கு வேறு வேறு. பொருந்தாவிட்டால் நோயாளிக்கு அவர் முடிவு போய்ச் சேராது.

அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கும் சோதனை நிரலை எழுதியவன் நான். ஓட்டும்போதெல்லாம் சிவப்பு, அதாவது தோல்வி. எரிச்சலில், சோதனைக்குள்ளேயே இரண்டையும் ஒரே வகையாக மாற்றி ஒப்பிட்டேன். பச்சை வந்தது. பாஸ்கர் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மச்சான், ரெண்டு பேருக்கும் ஒரே சட்டைய மாட்டிட்டு அண்ணன் தம்பின்றே? டெஸ்ட்ல நீ மாத்திட்டே, கோடுல எவன் மாத்துவான்?"

"டெலிவரி தேதி வந்துடுச்சுடா. உன்னோட ஒரே பேஜாரா கீது."

"இர்க்கட்டும். செவப்பு வந்தா திட்டாத, அது நமக்கு நல்லதுதான் சொல்லுது."

தன் தவறையும் அவன் மறைத்ததில்லை. ஒருமுறை வாடிக்கையாளர் கூட்டத்தில் யாரும் கேட்கும் முன்பே, "அது நான் பண்ண தப்பு சார், ரெண்டு நாள் குடுங்க" என்றான். மேலாளர் முகம் கறுத்தது. மாலை வேனில் அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தான். எனக்குத்தான் தலை வெடித்தது.

என் சோதனையைப் பார்த்துச் சிரித்த அடுத்த வாரம், மகளுக்குக் காய்ச்சல் என்று அவசரமாகக் கிளம்பியவன், "டெஸ்ட்ல அந்த மாத்துற வரிய எடுத்துட்டியா?" என்று கேட்டான். "எடுத்துட்டேன்டா" என்றேன். எடுக்கவில்லை. நின்றபடியே ஒப்புதல் தந்துவிட்டுப் போனான்.

நண்பர்களே, திங்கட்கிழமை அந்த மென்பொருள் பயன்பாட்டுக்குப் போவதாக இருந்தது. பாஸ்கர் பார்த்தது என்பதால் உங்களில் யாரும் மறுபடி திறக்கவில்லை. இன்று காலை நான் திறந்து, மாற்றும் வரியை அழித்து ஓட்டினேன். சிவப்பு. வெளியீட்டை நிறுத்துங்கள், தவறு என்னுடையது, ஒப்புதலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மேலாளருக்கு எழுதிவிட்டேன்.

எழுதியும் மனம் ஆறவில்லை. அவன் என் வார்த்தையை நம்பினான். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். பொய் சொல்லி வாங்கியது. திருப்பிக் கொடுக்க அவன் இல்லை.