அஸ்மா இத்தாவில் எடுத்த அன்னக்குஞ்சுகள்

அழாத மனுசியைப் பார்த்தால் எனக்குப் பயம். பக்கத்து வீட்டு அஸ்மா, புருஷன் வஹீதின் மையத்தை அடக்கக் கொண்டுபோன அன்றும் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போதுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு துணிப்பையோடு வள்ளம் ஏறிய அன்றும் அழவில்லையாம். நான் அதற்குப் பக்கத்து ஊர், பேசாலைக்காரி. எங்களூரில் செத்தவீடு என்றால் தெருமுனைவரை கேட்கும்.

அது 2011, நாங்கள் கடல்தாண்டி வந்து குடியேறிய பொயிண்ட் குக்கில் நல்ல குளிர்காலம். வஹீது டாக்சி ஓட்டியவர். ஓய்வு கிடைத்தால் கமராவும் கையுமாகத்தான் திரிவார். எங்கள் வீடுகளுக்குப் பின்னாலுள்ள குளத்தில் ஒரு கறுப்பு அன்னம் அடைகாத்தது. குஞ்சு பொரித்த நாளிலிருந்து பறக்கும்வரை, ஒரு நாளும் விடாமல் நாளுக்கொரு படம் எடுக்கப்போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார் மனுசன். முட்டை பொரிக்குமுன் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

அஸ்மா இத்தா இருந்தாள். புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகமாட்டாள். மகன் சாஜித் வேலைக்காகப் பேர்த் நகரத்துக்குத் திரும்பிவிட்டான். நான்தான் மீன்கறி கொண்டுபோவேன். உப்புக் குறைந்தாலும் சாப்பிடுவாள், கூடினாலும் சாப்பிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் போனால், மேல்மாடி யன்னலில் திரைச்சீலை இடுக்கு வழியாக வஹீதின் கமரா குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாம்பல் நிறக் குஞ்சுகள் ஐந்து, தாய்க்குப் பின்னால் நீந்திப் போயின. அஸ்மா ஒரு படம் எடுத்தாள்.

"வடிவா இருக்கென்ன?" என்றேன்.

"தெரியேல்லை, டொறத்தி அக்கா. அவர் எடுக்கோணும் எண்டவர், எடுக்கிறன்."

அதன்பிறகு தினமும் எடுத்தாள். ஒரு காலை, "இண்டைக்கு நாலுதான்" என்றாள், பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல. நரி பிடித்திருக்கும். நான்தான் கறிச்சட்டியை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன்.

"ஒருக்கா அழன் பிள்ளை! அழுதால்தானே நெஞ்சு ஆறும்."

"வருகுதில்லை அக்கா. உள்ளுக்கை ஒண்டுமே இல்லை."

அக்டோபரில் ஒரு காலை குளம் வெறுமையாகக் கிடந்தது. அன்னங்கள் குஞ்சுகளை நடத்திக்கொண்டு றோட்டுக்கு அப்பாலுள்ள பெரிய குளத்துக்குப் போய்விட்டன. யன்னலிலிருந்து அந்தக் குளம் தெரியாது.

"ஒருக்கா ஓடிப்போய் எடுத்திட்டு வாவன். ஆர் பாக்கப்போகினம்?"

"இத்தாவும் அவருக்காகத்தான் அக்கா, படமும் அவருக்காகத்தான். ரெண்டையும் முறிக்கேலாது." கமராவை என்னிடம் நீட்டினாள். "நீங்கள் போவீங்களோ?"

நானா! தொலைபேசியிலேயே ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியாதவள் நான். மாதாவே என்று போனேன். ஆண் அன்னம் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்தது. பின்னால் நகர்ந்து, நாணலுக்குள் வழுக்கி, சேற்றில் பொத்தென்று இருந்துவிட்டேன். இருந்தபடியே கண்டபாட்டுக்கு அழுத்தினேன்.

"உம்மட கமரா சரியில்லை" என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அஸ்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வானம், நாணல். ஒன்றில் மட்டும் நாலு சாம்பல் புள்ளிகள். மிச்சம் எல்லாவற்றிலும் சேறு அப்பிய என் சப்பாத்து.

"குஞ்சுகள் இருக்கு அக்கா" என்றாள். பிறகு சப்பாத்துப் படங்களுக்குத் திரும்பிப் போனாள். "அவரும் கமரா வாங்கின புதுசிலை இப்பிடித்தான். படம் முழுக்கத் தன்ர சப்பாத்து."

சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கமராவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டாள். "என்ர மனுசன், அக்கா! என்ர மனுசன்!" என்று அவள் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

இத்தனை நாளும் அழு, அழு என்று அவளை அரித்தவள் நான். சேற்றுக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்து, "அழாதை பிள்ளை, அழாதை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.