செங்கடல் வழியில் பாளையங்கோட்டை

புறத்தேர்வாளராகப் போகிறவருக்கு ஊர் பார்க்கும் கொடுப்பினை கிடையாது. ரயில் நிலையம், கல்லூரி, மறுபடி ரயில் நிலையம். நடுவில் ஒரு சாப்பாடு, அதில் தப்பாமல் ஒரு வடை. இருபது வருடமாகச் சென்னையில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். என் தாள், சமகாலப் பன்னாட்டுப் பாதுகாப்புச் சிக்கல்கள். போர், ஏவுகணை, கடற்பாதை, அகதிகள் என்று உலகத்துக் கேடெல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகளுக்குள் அடங்கிவிடும். அந்தத் தகுதியில்தான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. முதுகலை இறுதியாண்டு மாணவர்கள் பத்துப் பேர் ஆய்வேடு எழுதியிருக்கிறார்கள், வந்து வாய்மொழித் தேர்வு நடத்திக் கொடுக்க வேண்டும்.

மே மாதம், ஒரு புதன்கிழமை இரவு எழும்பூரில் ஏறினேன். படுக்கை வகுப்பு, கீழ்ப் படுக்கை. பத்து ஆய்வேடுகளையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். விழுப்புரம் வருவதற்குள் ஐந்தைப் படித்து முடித்தேன். படித்தேன் என்பதைவிட, ஏற்கெனவே எங்கோ படித்ததை மறுபடி சந்தித்தேன் என்று சொல்லலாம். இணையப் பாதுகாப்பு, தென் சீனக் கடல், அணு ஆயுதப் பரவல். எதை எடுத்தாலும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான்: ஐக்கிய நாடுகள் சபை வலுப்படுத்தப்பட வேண்டும். பாளையங்கோட்டையில் எழுதினாலும் பாரிஸில் எழுதினாலும் அந்தச் சபைக்கு அறிவுரை மட்டும் குறைவதில்லை. சபைதான் காது கேளாமல் இருக்கிறது.

வியாழன் காலை ஏழரைக்குத் திருநெல்வேலி சந்திப்பு. வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. கல்லூரிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பத்து ஆய்வேடுகளைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் நிற்க இடுப்பு இடம் தரவில்லை. ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநருக்கு என் வயதிருக்கும்.

"காலேஜிக்கா? மேடம் என்ன பாடம் எடுக்கீங்க?" என்றார்.

"நாடுகளுக்குள்ள நடக்கிற சண்டையைப் பத்தி."

"சண்டைக்கு ஒரு பாடமா? அதுக்கு எதுக்கு மேடம் காலேஜி? எங்க தெருவுக்கு வாங்க, ஒரே நாள்ல பட்டம் குடுத்து அனுப்பிருதோம்."

ஆற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. கீழே தாமிரபரணி. பேரைக் கேட்டு வளர்ந்தவர்கள் மே மாதத்தில் அதைப் பார்க்கக் கூடாது. ஆகாயத்தாமரை பச்சையாக மூடிக் கிடந்தது. இடைவெளியில் தெரிந்த தண்ணீர் கறுத்திருந்தது. "மேல அணையில தண்ணி இல்ல. இங்கன ஓடுததெல்லாம் நம்ம வீட்டுத் தண்ணிதான்" என்றார் ஓட்டுநர். பாலம் தாண்டினால் பாளையங்கோட்டை. பள்ளிக்கூடம், தேவாலயம், பள்ளிக்கூடம், கல்லூரி, நீதிமன்றம், மறுபடி பள்ளிக்கூடம். இத்தனை படிக்கிற ஊரில் இத்தனை பேர் வேலைக்குக் காத்திருப்பது ஆச்சரியமில்லை.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. துறைத் தலைவர் மென்மையான மனிதர். ஒவ்வொரு மாணவர் உள்ளே வரும்போதும், "நல்ல பையன் மேடம், பயந்த சுபாவம், பையக் கேளுங்க" என்று என் காதோரம் சொன்னார். பையத்தான் கேட்டேன். பாதிப் பேருக்குத் தங்கள் ஆய்வேட்டின் தலைப்பே நாக்கில் ஏறவில்லை. மதியம் சாப்பாடு வந்தது, வடையும் வந்தது. கூடவே ஒரு அல்வாப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் எல்லோரும் நடந்துகொண்டோம்.

கடைசியாக வந்தவள் எஸ்தர். இவள் ஆய்வேட்டை ரயிலில் இரண்டு தடவை படித்திருந்தேன். செங்கடலில் வணிகக் கப்பல்கள் மேல் ஏவுகணைகள் பாயத் தொடங்கிய பிறகு கடற்பாதை என்ன ஆனது என்பது பொருள். மற்றவர்கள் எண்ணெய் விலை, கப்பல் காப்பீடு என்று நாடுகளின் கணக்கைப் பார்ப்பார்கள். இவள் கப்பலுக்குள் இருக்கிறவனைப் பார்த்திருந்தாள். தாக்கப்பட்ட ஒவ்வொரு கப்பலிலும் எந்தத் தளத்தில் அடி விழுந்தது, அந்த நேரம் அங்கே யார் வேலை பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாள். கடைசி அத்தியாயத்தில் ஐக்கிய நாடுகள் சபையே இல்லை. மாலுமிச் சங்கத்தோடு ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், போர் ஆபத்துள்ள கடலுக்குள் வர மாட்டேன் என்று சொல்ல மாலுமிக்கு உரிமை உண்டு. மறுத்தால் கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். வருகிறேன் என்றால் அந்தக் கடலுக்குள் இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. இந்த விதியை விளக்கிவிட்டு, மாலுமிகள் மறுக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்திருந்தாள்.

"கடைசி அத்தியாயம்தான் மேடம் கொஞ்சம் ஒழுங்கில்ல" என்றார் துறைத் தலைவர். "அரசாங்கத்துக்குச் சொல்லாம மாலுமிக்குப் புத்தி சொல்லுதா."

நான் அவளிடமே கேட்டேன். "இந்தப் பரிந்துரையை யாருக்கு எழுதினே?"

"எங்க அண்ணனுக்கு மேடம்."

துறைத் தலைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணன் கப்பல்ல இருக்காரா?"

"ஒண்ணேகால் வருசமா வீட்டுல இருந்தான் மேடம், கப்பல் கெடைக்காம. இப்பக் கெடச்சிருக்கு. செங்கடல் வழியாப் போற கப்பல். இன்னைக்கு ராத்திரி வண்டிக்குப் பொறப்படுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் சொன்னா, நீ புஸ்தகத்தப் பாத்துப் பேசுதேங்கான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நீங்க பெரிய ஆளு, உங்க பேச்சக் கேப்பான்."

மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டு உறையை ஒட்டிய பிறகுதான் வருவேன் என்றேன். அது முறை. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டேன். அவ்வளவு தாராளம் எனக்குப் பழக்கமில்லை. துறைத் தலைவர் புருவத்தை உயர்த்தினார்.

ஐந்தரை மணிக்கு எஸ்தருடன் அவள் வீட்டுக்கு நடந்தேன். கல்லூரியிலிருந்து பத்து நிமிடம், இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாங்கள் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வழியனுப்பு ஜெபம். யார் வெளியூர் புறப்பட்டாலும் அந்தத் தெருவில் கூடி ஜெபித்துத்தான் அனுப்புவார்களாம். எஸ்தரின் அண்ணன் ஜெபசிங் சுவரோரம் நின்றான். இருபத்தாறு வயது, நன்றாக வெட்டிய தலைமுடி. கப்பல் தளத்தில் கடைநிலை மாலுமி வேலை.

அம்மா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். சாதாரணமாகப் பயணத்தைக் காத்துக்கொள்ளும் என்று சொல்லி முடிப்பார்கள் என்று நினைத்தேன். இவர் ஒவ்வொரு இடமாகப் போனார்.

"ஆண்டவரே, ஏடன் வளைகுடாவுல என் பிள்ளையோட கூட இரும். பாபெல் மண்டெப்புல கூட இரும். ஹொதைதாவுக்கு நேரா வரும்போது அவன் மேல்தளத்துல நிக்காதபடி பாத்துக்கிடும். சூயஸ் வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போம்."

பெண்கள் ஆமென் என்றார்கள். செங்கடலின் வாசல், ஏவுகணை கிளம்பும் ஏமன் கரை, கடைசியில் கால்வாய்: மகள் எழுதிய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் அது, வரிசை மாறாமல். அந்தப் பெயர்களை இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், தேர்வில் கேட்டிருக்கிறேன். ஒருவரும் கண்ணை மூடிக்கொண்டு அவற்றைச் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பெண்கள் கலைந்ததும் எஸ்தர் என்னைப் பார்த்தாள். பேச வேண்டிய நேரம். வகுப்பில் பேசுவதுபோலவே பேசினேன். வேறு பேச்சு எனக்குத் தெரியாது. அந்தக் கடல் ஓய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஓயவில்லை என்றேன். யாருடைய போரோ நடக்கிறது, யாருடைய சரக்கோ போகிறது, நடுவில் சாகிறவன் இரண்டுக்கும் சம்பந்தமில்லாதவன் என்றேன். மறுக்கிற உரிமை இருக்கிறது, பயன்படுத்து என்றேன்.

ஜெபசிங் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே தலையாட்டினான்.

"நீங்க சொல்லுதது வாஸ்தவம் மேடம். ஏற மாட்டேம்னு சொல்லலாம், அனுப்பிருவாங்க. அப்புறம் அடுத்த கப்பலுக்கு எந்த ஏஜென்டு என்னையக் கூப்பிடுவான்? இன்னொரு ஒண்ணேகால் வருசம் இந்தத் தெருவுல நடக்கணும். 'ஏலே, இன்னும் போவலியா?'ன்னு பாக்குதவன்லாம் கேப்பான்."

"உயிர் இருந்தா நடக்கலாம்" என்றேன். எனக்கே அது உப்புச் சப்பில்லாமல் கேட்டது.

"அதோட, அங்க ரெட்டச் சம்பளம்லா. அது எனக்குத் தெரியவே தெரியாது மேடம். எங்க ஏஜென்டு சொல்லல. எஸ்தர்தான் படிச்சுக் கண்டுபிடிச்சா." அவன் முகத்தில் பெருமை தெரிந்தது. "இந்த ஒப்பந்தம் முடிச்சு வந்தம்னா இவள டெல்லிக்கு அனுப்பி மேல படிக்க வச்சிரலாம். இதே பாடந்தான் படிக்கணுங்கா."

எஸ்தர் எழுந்து அடுக்களைக்குள் போனாள். அவனைப் போக விடாமல் தடுக்கத்தான் அந்த விதியைத் தேடி எடுத்திருக்கிறாள். விதியில் இரண்டு பாதி இருந்தது. தங்கை முதல் பாதியைக் காட்டினாள், அண்ணன் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டான். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்தாள்.

"ஏட்டி, வெளிய வா. அண்ணன் பொறப்படுதான்லா" என்று அம்மா கூப்பிட்டார். அவள் வரவில்லை. ஜெபசிங்கே உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே வண்டிலதான் போறீங்க. மெட்ராசு வரைக்குமாவது கொஞ்சம் பாத்துக்கிடுங்க மேடம்." மெட்ராஸ் வரைக்கும் என் பாதுகாப்பு. அதற்கப்புறம் ஆண்டவர் பொறுப்பு. இரண்டில் எதை அந்தம்மா அதிகம் நம்பினார் என்று தெரியவில்லை.

இரவு வண்டியில் என் பெட்டிக்கு மூன்று பெட்டி தள்ளி அவனுக்கு இடம். நடைமேடையில் அம்மா மட்டும் நின்றார். கோவில்பட்டி தாண்டுவதற்குள் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்கிப்போனார். நான் சாத்தூர், விருதுநகர், மதுரை எல்லாவற்றையும் பார்த்தேன். போகும்போது ஊர் பார்க்கக் கொடுப்பினை இல்லை என்று சலித்துக்கொண்டேனே, திரும்பும்போது கண் மூட முடியவில்லை.

வெள்ளி காலை. செங்கல்பட்டு ஏரி தாண்டியதும் ஜெபசிங் இரண்டு கோப்பைத் தேநீருடன் வந்து எதிரே உட்கார்ந்தான். தாம்பரத்தில் இறங்கி விமான நிலையம் போக வேண்டும். அங்கிருந்து துபாய், பிறகு கப்பல். என் வீடு திருவொற்றியூரில் என்றதும், "அப்ப உங்க வீட்டுல இருந்து கப்பலு தெரியும்" என்றான். தெரியும். மொட்டைமாடியில் நின்றால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். உலக வாணிபத்தில் பெரும்பகுதி கடல்வழியே நடக்கிறது என்று சொல்லி, என்னைப் பார்க்க வரும் மாணவர்களுக்கு அங்கிருந்துதான் காட்டுவேன். மேல்தளத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்தாலும் தெரிகிற தூரமில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? எஸ்தருக்கு எவ்வளவு மார்க்குப் போட்டீங்க?"

"சொல்லக் கூடாதுப்பா. உறைக்குள்ள போயாச்சு."

"எண்ணு வேண்டாம் மேடம். நல்லா எழுதியிருக்காளா, அத மட்டும் சொல்லுங்க."

அண்ணன் சந்தோஷப்படட்டும் என்றுதான் சொன்னேன். "பத்துப் பேர்ல அவதான் முதல். ஒரு தப்பு கிடையாது."

"தப்பே இல்லியா?"

"நான் ரெண்டு தடவை படிச்சேன். ஒண்ணுகூட இல்லை."

அவன் சன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டான். தேநீர் கையிலேயே ஆறியது. வண்டலூர் தாண்டியது.

"மேல்தளத்துல அடி விழுந்ததப் பத்தி எங்கனயாவது கொஞ்சம் தப்பா எழுதியிருப்பாள்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மேடம்" என்றான்.

தாம்பரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். கூட்டத்தோடு படியேறியவன் ஒருமுறை திரும்பிக் கையசைத்தான். எழும்பூர் வருவதற்குள் அந்த ஆய்வேட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவி தப்பு செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். கிடைக்கவில்லை.