ஏலக்காரரைப் பேச வைத்தவர்

அறுவை அரங்கில் அவருக்கு ‘மயக்கக்கா’ என்று பெயர். மூளை அறுவைகளுக்கான மயக்க மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்தால் எழுப்ப முடியாது. “ஊருக்குக் குடுக்கிற மருந்த நீ ருசி பாத்துட்டு வர்றியா?” என்பார் கணவர்.

சில நோயாளிகளை அவர் நடுவில் எழுப்பவும் வேண்டும். கட்டி பேச்சுப் பகுதியை ஒட்டியிருந்தால், மண்டையோட்டைத் திறக்கும்வரைதான் தூக்கம். பிறகு மருந்தைக் குறைத்து, பேசவிட்டு வெட்டுவார்கள். மூளைக்கு வலி தெரியாது; தோலை ஊசி போட்டு மரக்க வைத்திருப்பார்கள். சர்ஜன் மின்முனையால் தொடும்போது எங்கே பேச்சு தடைபடுகிறதோ, அங்கே கத்தி போகக் கூடாது.

அதனால் முதல் நாளே மயக்கக்கா வார்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எதைக் கேட்டால் ஆள் வாய் ஓயாது என்று தெரிய வேண்டும்.

இந்த நோயாளி காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். “வாய் போச்சுன்னா பொழப்பே போச்சு டாக்டரம்மா,” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. வெளியே அவர் மனைவி கிசுகிசுத்தார்: “என் தம்பியப் பத்திக் கேளுங்க. நிறுத்தவே மாட்டாரு.”

மறுநாள் பச்சைத் துணிக்கடியில், குட்டை ஸ்டூலில், ஏலக்காரரின் முகத்துக்கு நேராக மயக்கக்கா உட்கார்ந்திருந்தார். பஞ்சால் அவர் உதட்டை நனைத்தார்.

“முழிச்சிட்டீங்களாண்ணே? மச்சான் எப்படி இருக்காரு?”

“அவனா? என் ஸ்கூட்டர சுவத்துல முட்டிட்டு, சுவரு குறுக்க வந்துச்சுன்னான்!”

நர்சுகள் சிரித்தார்கள்.

“அவன் கல்யாணத்துக்கு நான்... நான்...”

பேச்சு நின்றது. சர்ஜன் முனையை எடுத்தார்.

“...வாங்கிக் குடுத்த சட்டையப் போட்டுக்கிட்டு எங்கிட்டயே வம்புக்கு வந்தான்!”

அந்த இடத்தில் அடையாளச் சீட்டு வைத்துவிட்டு, தள்ளி வெட்டத் தொடங்கினார் சர்ஜன். வசவு கொஞ்சம் தளர்ந்தது. தூண்டிவிட நினைத்து மயக்கக்கா சொன்னார்: “நீங்க திட்டுறீங்க. அவரு காலையிலேர்ந்து வெளியில பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்காரு.”

சத்தமே இல்லை.

சர்ஜன் கையை எடுத்துவிட்டார். “என்னம்மா, தூங்கிட்டாரா?”

“இல்ல சார். கண்ணு தெறந்திருக்கு.”

“நான் எல்லைய ஒட்டிக்கூடப் போகலையே!”

மருந்தின் அளவு மாறவில்லை. மயக்கக்கா தன் கையைப் பிடிக்கச் சொன்னார், ஏலக்காரர் பிடித்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. மயக்கக்காவுக்கு முகக்கவசத்துக்குள் வியர்த்தது.

“அண்ணே, ஒரு வார்த்த. மச்சானத் திட்டுங்க.”

ஏலக்காரரின் கண்ணோரம் நனைந்திருந்தது.

“எதுக்குத் திட்டணும்? அவன மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க. அல்சர்காரன்.”

சர்ஜன் மூச்சு விட்டார். “ஏம்மா, என்னத்தச் சொன்ன நீ?”

“தப்புதான் சார். இனிமே மச்சானத் திட்ட மாட்டாரு.” மயக்கக்கா குனிந்தார். “அண்ணே, இன்னைக்கித் தக்காளி வந்திருக்கு. ஏலத்த ஆரம்பிங்க.”

துணிக்கடியிலிருந்து குரல் கணீரென்று எழுந்தது. கட்டி முழுதாக வெளியே வந்தபோது, சர்ஜன் இரண்டு கூடைத் தக்காளியை ஏலத்தில் எடுத்திருந்தார்.