சத்தமில்லாத பக்கம்

அந்த விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தால் புதுச் சவர்க்காரத்தின் மணம் முகத்தில் அடிக்கும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அம்மாவின் சேலைகளுக்கு நடுவிலும் என் பள்ளிக்கூடக் காற்சட்டைகளுக்கு அடியிலும் மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக அடுக்கியிருந்த அந்தக் கட்டிகளில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதல்ல. எல்லாம் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னாலிருந்த வெற்றுத் திடலுக்கு வந்த கார்னிவலில் வென்றவை.

அந்தக் கார்னிவலில் ராட்டினமும் மரணக் கிணறும் இருந்தன. எங்கள் வீட்டார் போனது "கினிபிக் வீட்டு"க்கு மட்டும். இடுப்பளவு உயரத்தில் வட்டமான ஒரு பலகை மேடை, அதன் விளிம்பைச் சுற்றி இலக்கமிட்ட சின்னச் சின்ன மரவீடுகள், ஒவ்வொன்றுக்கும் வாசலாக ஒரு துளை. நடுவில் கவிழ்த்து வைத்த தகரப் பேசினுக்குள் ஒரு கினிபிக் இருக்கும். வாலில்லாத, ஒரு கைக்குள் அடங்கிவிடக்கூடிய, பஞ்சு போன்ற பிராணி. ஆளுக்கொரு வீட்டின் இலக்கத்துக்குத் துண்டுச்சீட்டு வாங்கிக்கொள்வோம். பேசினைத் தூக்கியதும் அது எந்த வீட்டுக்குள் ஓடி ஒளிகிறதோ அந்த இலக்கக்காரருக்குச் சவர்க்காரம். மேடைக்காரர் அதைத் தம்பி என்று அர்த்தப்படும் சிங்களச் சொல்லால் "மல்லி" என்றுதான் கூப்பிடுவார். "எண்ட மாத்தயா, எண்ட நோனா!" என்று சிங்களத்தில் ஐயாமாரையும் அம்மாமாரையும் வரச்சொல்லி அழைப்பார். "மல்லிக்குப் பசிக்குது, எந்த வீட்டில சாப்பிடப் போறார் பாப்பம்!"

அம்மா சூதாட்டம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க விடாதவர். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் சமைக்கமாட்டார், சீனிப் போத்தலில் எறும்பு ஏறினால் நசுக்காமல் வெயிலில் வைத்துக் கலைப்பார். ஆனால் இது சூதில்லை என்று அவருக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. "சூதெண்டால் காசெல்லோ வரவேணும்? இது சவுக்காரம்தானே" என்பார். அந்தப் பிராணி ஓடுவதையும் அவர் ஓட்டமாகவே பார்க்கவில்லை. "பாருங்கோ, என்ன சந்தோசமாத் துள்ளுது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அது எதற்காக ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகப் பண்டகசாலையில் வேலை செய்தவர். பாரந்தூக்கிகளின் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய குரல் அவருக்கு. துண்டு வாங்காமல் சில பின்னேரங்கள் நின்று பார்த்துவிட்டு வந்து, "அக்கா, உது சாப்பிடப் போகேல்லை. பயத்தில ஓடுது. சத்தமில்லாத பக்கம் பாத்துத்தான் ஓடும்" என்றார். இதைக் கேட்ட பிறகு இரக்கமுள்ள ஒரு குடும்பம் வீட்டிலேயே இருந்திருக்கும். நாங்கள் அன்றே துண்டு வாங்கப் போனோம்.

மேடையின் ஒரு பக்கத்தில் மாமா, அவருக்கு இரு புறமும் என் அக்காவும் நானும் நிற்போம். நேரெதிரே இருக்கும் வீட்டின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு அம்மா அந்தப் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் நிற்பார். பேசின் மேலே போன கணத்தில் மாமா ஊளையிடுவார், நான் பலகையில் அறைவேன், அக்கா கீச்சிடுவாள். மல்லி அம்மாவை நோக்கிப் பறக்கும்.

"டேய், ஹாபரில கத்துற மாதிரிக் கத்தாதை, சனம் பாக்குது" என்று அம்மா வெட்கப்படுவார்.

"கத்தினாத்தான் அக்கா சவுக்காரம். இல்லாட்டி அடுப்புச் சாம்பலைப் பூசிக் குளி."

ஒருமுறை யாரும் பார்க்காத நேரம் ஒரு மரவீட்டுத் துளைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு கீரைத் தண்டுகூட இல்லை. சும்மா ஒரு இருட்டுப் பெட்டி.

கார்னிவலின் கடைசிக் கிழமை, பேசினைத் தூக்கியும் அது ஓடவில்லை. நான்கு கால்களையும் அடியில் மடக்கி, பலகையோடு பலகையாகத் தட்டையாகக் கிடந்தது. காதுகள் பின்னால் படிந்திருந்தன. கண் மட்டும் அகலத் திறந்திருந்தது. "மல்லிக்கு நித்திரை!" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். மாமா இன்னும் பலமாகக் கத்தினார். நானும் இரண்டு கைகளாலும் அறைந்தேன். மேடைக்காரர் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தார், பிறகு கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்கி மேடைக்கு அடியிலிருந்த சாக்கு விரித்த பெட்டிக்குள் போட்டுவிட்டு, அதே நிறத்தில் இன்னொன்றை எடுத்துப் பேசினுக்குள் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். பெட்டிக்குள் அது பக்கவாட்டில் சரிந்து கிடந்தது, வயிறு ஏறி இறங்கவில்லை. "பாவம், களைச்சுப் போச்சு" என்றார் அம்மா. "இடத்தை விட்டு அசையாதேங்கோ, திருப்பியும் பேசினைத் தூக்கப் போறான்." இரண்டாவது மல்லி ஓடியது. நாங்கள் வென்றோம்.

அந்தத் திடலில் இப்போது தொடர்மாடி வீடுகள். பலகை மேடையையும் தகரப் பேசினையும் என் வயதுக்காரர்களிடம் சொன்னால் சிலருக்கு ஞாபகம் வருகிறது, சிலர் அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்கிறார்கள். நல்ல காலம், அந்தக் கொடுமையெல்லாம் ஒழிந்துவிட்டது என்று நானும் அண்மைக்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் மகளுக்கு எட்டு வயது நிறைந்தது. பிறந்தநாளுக்குக் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியிலிருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். மோதுகார்களுக்கும் பந்துக் குளத்துக்கும் நடுவே, பிளாஸ்டிக் புல் விரித்த கண்ணாடித் தடுப்புக்குள் முயல்கள் இருந்தன. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கலாம். மணி அடித்தால் அடுத்தவர். கூரையிலிருந்து பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. மகளின் மடியில் ஒரு வெள்ளை முயலை வைத்தார்கள். அது தட்டையாகிப் போனது. காதுகள் பின்னால் படிந்தன. கண் அகலத் திறந்தது.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க சேர், பாப்பாவை அதுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அங்கே வேலை செய்த பெண்.

அது அமைதி இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்காவது தெரிந்திருந்தது. தெரிந்தும் நான் கைப்பேசியை உயர்த்தி, "இஞ்ச பாருங்கோ பிள்ளை, சிரியுங்கோ" என்றேன். மணி அடித்தது. முயல் அடுத்த மடிக்குப் போனது, அதற்கடுத்த மடிக்கும் போனது. கேக் வெட்டி முடிந்து கைகழுவப் போன வழியில், அதே பெண் துணி மூடிய ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் பின்கதவால் போவதைக் கண்டேன். துணிக்கு வெளியே ஒரு வெள்ளைக் கால் விறைத்து நீண்டிருந்தது.

மகள் அதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அந்த முயலைத் தவிர வேறு கதை இல்லை. அடுத்த சனிக்கிழமை கரட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம், தன் சிநேகிதிகளுக்கும் காட்ட வேண்டுமாம். சொன்னால் தன் கையால்தான் செத்ததென்று நினைப்பாள். சொல்லாவிட்டால் இன்னொரு முயலை மடியில் வைத்துச் சிரிப்பாள். நான் நித்திரையில்லாமல் புரள்வதைப் பார்த்து விசயத்தைக் கேட்டறிந்த மனைவி, "ஒண்டும் சொல்லாதேங்கோ. அங்க இருக்கிற வேற வெள்ளை முயலைக் காட்டி இதுதான் எண்டு சொல்லுவம், பிள்ளைக்கென்ன தெரியப் போகுது" என்றாள். அவள் பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள். எனக்கோ அதே நிறத்தில் இன்னொன்றை எடுக்க மேடைக்கு அடியில் நீண்ட மேடைக்காரரின் கை கண்ணுக்குள் வந்து நின்றது.

சனிக்கிழமை பின்னேரம் மகளை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த கல்லில் இருத்திச் சொன்னேன். முதலில் மல்லியின் கதையை, பிறகு முயலின் கதையை.

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நான் இறுக்கிப் பிடிச்சனானா அப்பா?"

"இல்லையம்மா. நீங்கள் மெல்லத்தான் பிடிச்சனீங்கள். அதுக்குச் சத்தம், வெளிச்சம், அத்தனை கை. பயந்து போச்சு."

"பயம் எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"ஓம்."

"அப்ப ஏன் என்னைச் சிரிக்கச் சொன்னீங்கள்?"

கற்களில் அலை அடித்து வடிந்தது. அவள் அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன், அவள் அழவில்லை.

"மற்ற முயலெல்லாம் இப்பவும் அங்கயா?"

"அங்கதான்."

"இண்டைக்குச் சனிக்கிழமை. நிறையப் பேர் வருவினம்." எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டாள். "அப்ப நாங்கள் ஏன் இஞ்ச இருக்கிறம்? வாங்கோ."

போனோம். முகாமையாளரைக் காணவேண்டும் என்று கேட்டேன். வெளியே போயிருக்கிறார், வந்தால் சொல்கிறோம் என்றார்கள். நான் அங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் கண்ணாடித் தடுப்புக்குப் போய், வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு "அதுக்குப் பயம், தூக்காதேங்கோ" என்றும், மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறைச் சிங்களத்திலும். பாட்டுச் சத்தத்தில் கேட்காதவர்களுக்காகக் குரலை உயர்த்தினாள். ஒரு தாய் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கட பிள்ளையா? கொஞ்சம் பிடிங்களேன்" என்றார். சனம் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. அவளை அடக்குவதற்காக என் கை தானாகவே அவள் தோளை நோக்கி நீண்டது. பாதியில் அதைக் கண்டுகொண்டு நான் இழுத்துக்கொண்டதை அவள் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் வரிசையில் அடுத்து நின்ற பையனிடம் போய்விட்டாள்.