என்ன பிழை விட்டனான்?

யோகன் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டுத் தேநீர்ப் போத்தலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் அவருடைய மனைவி மாலா அக்காவின் பெயர் வந்தது. வேலை நேரத்தில் அவர் எனக்கு ஒருநாளும் எடுப்பதில்லை.

"வதனி, பஸ் நிக்குதோ?" என்று முதலில் கேட்டார்.

"ஓம் அக்கா, நிக்குது."

"அண்ணை மோசம் போட்டார். காலமை நெஞ்சு நோகுது எண்டவர். அம்புலன்ஸ் வர முந்தியே..."

பஸ் நிற்கிறதா என்று உறுதிப்படுத்திய பிறகுதான் கணவனின் சாவையே சொல்லியிருக்கிறார். அந்த வீட்டின் பழக்கம் அப்படி.

அவரோடு பழகி, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லப் போகிறேன்? ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கும் எங்கள் நகரத்தின் பஸ்ஸை ஓட்டிய முதல் தமிழர் அவர். கடைக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் 'பஸ் அண்ணை' என்றுதான் அழைப்பார்கள். நான் பிறகு வந்து சேர்ந்தவள். நல்ல பயந்தாங்கொள்ளி. இவ்வளவு பயம் உள்ளவளுக்கு யார் இந்தப் பெரிய வாகனத்தைக் கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்.

எங்கள் வேலையில் ஓட்டிக்கொண்டு வருபவர் நகர நடுவிலுள்ள நிலையத்தில் இறங்க, அடுத்தவர் ஏறி அதே பஸ்ஸை எடுத்துச் செல்வார். மாறும்போது ஜெர்மன்காரர்கள் "எல்லாம் சரியா?" என்பார்கள். "எல்லாம் சரி" என்று பதில் வரும். யோகன் அண்ணை அப்படிக் கேட்பதில்லை. என் வீடு அவருடைய பாதையில் இருந்ததால் நான் அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, முன் இருக்கையில் இருந்தபடி நிலையம் வரை வருவேன். இறங்கும்போது அவர் தன் ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்: "பிள்ளை, இண்டைக்கு என்ன பிழை விட்டனான்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வயதில் மூத்தவர், வேலையில் மூத்தவர். "ஒண்டுமில்லை அண்ணை" என்பேன். அவர் முகம் சுளிப்பார். "ஒண்டுமில்லை எண்டு சொல்லவோ உம்மை முன்னுக்கு இருத்தி வைச்சிருக்கிறன்?" என்று ஒருநாள் ஏசினார். பிறகு பயந்து பயந்து சின்னச் சின்னதாகச் சொல்லத் தொடங்கினேன். கதவை வெள்ளெனப் பூட்டிவிட்டீர்கள், ஆட்கள் ஏறி முடியவில்லை. அந்தக் கிழவர் இருக்கையில் இருக்க முந்தி பஸ்ஸை எடுத்துவிட்டீர்கள். தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த நாள் அதைத் திருத்தியிருப்பார். அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், வெட்கமாகவும் இருக்கும். அவரிடம் நான் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டதே இல்லை. பதில் வந்துவிடும் என்ற பயம்தான்.

ஒரு மழை நாளில் அவர் வலப்பக்கம் திரும்பும்போது வலக்கரையில் சைக்கிளில் ஒரு பெண் நேராக வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். பஸ் திரும்பிக்கொண்டே இருந்தது. "அண்ணை!" என்று நான் கத்திய கத்தலில் முழு பஸ்ஸும் திடுக்கிட்டது. அவர் பிரேக் போட்டார். அந்தப் பெண் உள்ளங்கையால் பஸ்ஸின் பக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, ஏதோ ஏசிக்கொண்டு போனாள். "திடீரெண்டு வந்திட்டாள்" என்றார் அண்ணை. அவள் திடீரென்று வரவில்லை. வெகுதூரத்திலிருந்தே வந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நான் அவருடைய பஸ்ஸில் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய தலையைப் பார்த்தேன். வலப்பக்கத்துத் தரிப்பிடத்தில் நிற்பவர்களைக் கடைசி நேரத்தில்தான் காண்கிறார். கண்டதும் தலையை முழுதாகத் திருப்புகிறார். கண் மட்டும் போக வேண்டிய இடத்துக்குக் கழுத்தும் போகிறது. எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. சொன்னால் அவர் வேலை போய்விடும், வேலையோடு அந்தப் பெயரும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒருநாள் யாரோ ஒருவருடைய பிள்ளை அந்தச் சக்கரத்துக்குக் கீழே போகும்.

ஊன்ட்றொப்பிலுள்ள அம்மன் கோயில் தேருக்கு இரண்டு குடும்பமும் போயிருந்தோம். அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று நேர்ந்துகொண்டு போனேன். ஆனால் வழியெல்லாம் அவரை மறித்து மறித்துக் கைகொடுத்தார்கள். "அண்ணை, உங்களைப் பார்த்துத்தான் என்ர மகனும் பஸ் ஓடப் போறன் எண்டு நிக்கிறான்" என்றார் ஒருவர். அண்ணை சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அவருடைய வலப்பக்கமாக வந்து பிரசாதம் நீட்டிய ஒருவரை அவர் காணவேயில்லை. நான்தான் வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த கிழமை, டிப்போவின் ஓய்வறையில் இருவரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் கேக்கிறனீங்கள் எல்லோ, என்ன பிழை எண்டு. கோவிக்காதேங்கோ. உங்களுக்கு வலப்பக்கம் தெரியுதில்லை."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

முகம் கறுத்துவிட்டது. "நீர் ஸ்டியரிங் பிடிக்க முந்தியே நான் இந்த ரோட்டில ஓடினனான். எனக்குக் கண் தெரியாது எண்டு இனி ஊரெல்லாம் கதை கட்டப் போறீரோ?" என்றார். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அவருக்கு வேலை இல்லை என்பது மட்டுமே எனக்கு ஆறுதல். மறுநாள் காலை அவர் பஸ் எடுக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு நானே சொல்லிவிடவா? காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் வருமே. சொல்லாமல் விட்டு, காலையில் ஏதாவது நடந்துவிட்டால்? விடியும்வரை இதே யோசனை.

காலையில் அந்த பஸ் வந்தது. ஓட்டிவந்தவர் வேறொருவர். மாலா அக்காவுக்கு எடுத்தேன்.

"ஒண்டும் நடக்கேல்லை வதனி. நேற்றுப் பின்னேரமே தனக்கு ஏலாது, வேற ஆளைப் போடுங்கோ எண்டு அறிவிச்சிட்டார். இப்ப கண் டொக்டரிட்டப் போட்டார்." பிறகு அழத் தொடங்கினார். "அதுக்கு முதல் குசினியில என்னை அகப்பையோட வலப்பக்கம் நிக்கச் சொன்னவர். தான் நேர பார்த்துக்கொண்டு நிண்டு, மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டு வாரும் எண்டார். நான் அகப்பையை அவற்ர கன்னத்துக்குக் கிட்டக் கொண்டு வந்திட்டன். 'எங்கை, இன்னும் தொடங்கேல்லையோ?' எண்டு கேக்கிறார்."

கண்ணில் அழுத்தம், குளுக்கோமா. நோவு இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். பஸ் ஓட்டுவது அத்தோடு முடிந்தது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளையும் பைகளையும் பொறுப்பாக வைத்திருக்கும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். நான் அவருக்கு முகம் கொடுக்கப் பயந்து அந்தப் பக்கமே போகாமல் திரிந்தேன். ஒருநாள் அவரே தேடி வந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு எனக்குச் சரியான கோவம். வீட்டை போய் யோசிச்சன், ஏன் இவ்வளவு கோவம் வருகுது எண்டு. நீர் சொன்னது பொய்யெண்டால் எனக்குச் சிரிப்பெல்லோ வந்திருக்க வேணும்? கோவம் வந்தபடியாத்தான், உண்மையா இருக்குமோ எண்டு பயந்தனான்."

அதற்குப் பிறகு அவர் என் பஸ்ஸில் பயணியாக வந்தார். முன் இருக்கையில் இருந்துகொண்டு நான் கேட்காமலே பிழை சொன்னார். "பிரேக்கை மெல்லப் பிடியும், நிக்கிற சனம் விழப் போகுது." "கண்ணாடியைப் பாரும், ஃபோனை இல்லை." எரிச்சல் வரும். வந்த எரிச்சலை நினைத்துப் பயமும் வரும். சிலநாள் அவர் ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அந்தத் தரிப்பிடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

இறுதிக் கிரியை மண்டபத்தில் பேசிய ஒரு பெரியவர், "வாழ்க்கையில் ஒரு பிழையும் விடாத மனிதர்" என்றார். கேட்டிருந்தால் அண்ணை பெட்டிக்குள்ளிருந்து எழும்பி வந்திருப்பார். மாலா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்திலும் இருவருக்கும் ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாளே வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்தேன். நிலையத்தில் என்னிடமிருந்து பஸ்ஸை எடுக்க வேண்டிய ஸ்டெஃபான் சில தரிப்பிடங்களுக்கு முன்பே ஏறி, அண்ணை இருக்கும் அந்த முன் இருக்கையில் இருந்தான். இறங்கும்போது வழக்கம்போல "எல்லாம் சரியா?" என்றான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, முதல் தடவையாகக் கேட்டுவிட்டேன். நான் இன்று என்ன பிழை விட்டேன் ஸ்டெஃபான்?

அவன் சிரிக்கவில்லை. தயங்கினான். மருத்துவமனைத் தரிப்பிடத்தில் நீங்கள் நிறுத்தவில்லை, ஊன்றுகோலோடு நின்ற ஒருவர் கையைக் காட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார், அவருக்கு மிகக் கிட்டவாகப் போனீர்கள், நீங்கள் அவரைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன் என்றான்.

"அங்கே ஒருவரும் நிற்கவில்லை" என்று கத்தினேன். இவன் நேற்று வந்த பொடியன், எனக்கு ரோட்டைச் சொல்லித் தருகிறானா? அப்படி நினைக்கும்போதே அண்ணை சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்திருக்கிறது. அந்தத் தரிப்பிடத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஆளும் இல்லை, தரிப்பிடமும் இல்லை. அந்த வீதி முழுவதும் என் தலைக்குள் வெறுமையாக இருந்தது. அண்ணையின் நினைப்பிலேயே அதன் வழியாக ஒரு பஸ் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கட்டுப்பாட்டு அறைக்கு எடுத்தேன். அண்ணை சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். எனக்கு ஏலாது, வேறு ஆளைப் போடுங்கள்.

ஒரு கிழமையாக வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அவருடைய துணிவு எனக்கு வந்துவிட்டது என்ற பொய்யை இங்கே எழுத மாட்டேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் கேள்வியும், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை இருக்கும் பயமும்தான். நாளைக்கு மறுபடி வேலை. ஸ்டெஃபான் முன் இருக்கையில் இருப்பான். இப்போதே பயமாக இருக்கிறது, அண்ணை. ஆனாலும் இறங்கும்போது கேட்பேன்.