தாலிக்கொடியில் ஒரு முத்திரை

போன மாதம் தில்லியில் ஒரு சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். திரையில் விக்டோரியா காலத்து ஓவியம் ஒன்று. ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியின் கழுத்திலும் காதிலும் மணிக்கட்டிலும் மெசபடோமிய மண்ணிலிருந்து எடுத்த முத்திரைக் கற்கள், தங்கத்தில் கோர்த்த நகைகளாக. அகழ்ந்தெடுத்த கணவர் கல்யாணப் பரிசாகச் செய்து போட்டாராம். எல்லாமே அசல் என்றார் பேச்சாளர். அரங்கமே சொக்கிப்போனது. எனக்கு என் சித்தியின் கழுத்துதான் நினைவுக்கு வந்தது.

என் சித்தப்பா தொல்பொருள் அலுவலகம் ஒன்றில் படம் வரைபவராக இருந்தார். குடியிருந்தது இதே தில்லியில், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில். அவருடைய கல்யாணத்துக்கு மேலதிகாரி சிந்துவெளி ஒற்றைக்கொம்புக் காளை முத்திரையின் நகல் ஒன்றைக் கொடுத்திருந்தார். பின்பக்கம் துளை இருந்ததால் சித்தி அதைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டாள். "எல்லாரும் காசு கோத்துக்கறாங்க, நான் காளை கோத்துக்கிட்டேன்" என்று பெருமையடிப்பாள்.

யாருக்கோ கண் உறுத்தியிருக்கிறது. புராதனச் சின்னத்தைத் திருடிவிட்டார் என்று புகார் போய்விட்டது. இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தபோது நான் விடுமுறைக்கு அங்கே இருந்தேன். "அது வெறும் நகல் சார்" என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். கொடுத்த மேலதிகாரி இறந்து வெகுநாளாகியிருந்தது. சாட்சிக்கு ஆளில்லை.

கொடியைக் கழற்றச் சொன்னார்கள். கணவன் இருக்கும்போது கழற்றுவதென்றால் முதலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக்கூடாது. "பையா, ஏக் மினிட்" என்று அவர்களை அண்ணன் முறை வைத்துச் சித்தி கெஞ்சினாள். உள்ளே போனால் கல்லை மறைத்துவிடுவாள் என்று நினைத்தார்களோ என்னவோ, "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார் ஒருவர். கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கழுத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

சித்தப்பாவை சஸ்பெண்ட் செய்தார்கள். திருடன் என்ற பெயரோடு, விசாரணை முடியும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். "என் கழுத்து அன்னிக்கே காலியாயிடுச்சு" என்று அழுத சித்தியை யாராலும் தேற்ற முடியவில்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சீமையில் அசலை அணிந்தவளுக்கு ஓவியம்; இங்கே நகலை அணிந்தவளுக்கு இது.

கல் நகல்தான் என்று பிறகு அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு பியூன் அதைக் கவரில் போட்டுக் கொண்டுவந்தான். சித்தி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே நின்றாள்.

"இதை இனிமே நான் எதுல கோக்கறது?" என்று அவனிடம் கேட்டாள்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. "சைன் கர் தீஜியே, மாதாஜி" என்று பேனாவை நீட்டினான்.